தவிட்டுக்கு விற்ற மகள்

1

“ஃபாரம் நிரப்பத் தெரிஞ்சிட்டா பிள்ளை வளக்கத் தெரிஞ்சிருமாக்கும்?”

என் சித்தப்பா இப்படிக் கேட்டது விருதுநகர் ரயில் நிலையத்தில். நான் நான்கு வயது மகளை இடுப்பிலும் சான்றிதழ்ப் பையைத் தோளிலும் தூக்கிக்கொண்டு சென்னை ரயிலுக்காக நின்றிருந்தேன். ஜெர்மனியில் எனக்கு வேலை, என் சம்பளத்தில் குடும்பம், எனக்குப் பின்னால் கணவர் வருகிறார் என்பதெல்லாம் சித்தப்பாவுக்கு உலகம் தலைகீழானது போல இருந்தது. கேட்ட கையோடு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ரயில் வர நேரங்கெடக்குல்ல, இந்த பேங்கு ஃபாரத்த மட்டும் நிரப்பிக் குடுத்துட்டுப் போ.”

நிரப்பிக் கொடுத்தேன். நடைமேடையில், சூட்கேஸ் மேல் வைத்து, அழகான கையெழுத்தில்.

பெருமையாகவே சொல்கிறேன்: எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பதா, வாக்காளர் பட்டியலில் வயதைத் திருத்துவதா, முதியோர் உதவித்தொகையா, எங்கள் தெருவே என்னிடம்தான் வரும். பாவாடை கட்டிய வயதிலேயே நான் அரசாங்கத்தோடு நேரடித் தொடர்பில் இருந்தவள். பிறகு அச்சுத் தொழில்நுட்பம் படித்தேன். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ் ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே ஓடிய பழைய மிஷின் எந்த நாட்டில் பிறந்ததோ அந்த நாட்டுக்கே, புது மிஷின்களைச் சோதித்து அனுப்பும் வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

இந்த நாடோ ஃபாரங்களின் சொர்க்கம். வீடு மாறினால் ஃபாரம், நாய் வாங்கினால் ஃபாரம், குப்பைத் தொட்டியைப் பெரிதாக்கக்கூட ஃபாரம். மற்ற வெளிநாட்டுக்காரர்கள் தபால்பெட்டியைத் திறக்கவே பயப்படுவார்கள். எனக்குக் கை அரிக்கும்.

வந்து ஏழு வருடம் நிறைவது இந்த வாரம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். இங்கே யாரைக் கொண்டாடுகிறார்களோ அவரே கேக் வாங்கி வர வேண்டும் என்பது ஊர் வழக்கம். வாங்கிப் போனேன், நானே வெட்டினேன், எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அதே வாரத்தில்தான் என் மகள் தாரிணியை, பதினோரு வயதுக்காரியை, குழந்தைகள் மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டும் வந்திருக்கிறேன். மூன்று மாதம் போல அங்கேயே தங்கிச் சிகிச்சை எடுக்க வேண்டும்.

பெற்ற பிள்ளையை அப்படி ஓர் இடத்தில் விட்டுவிட்டு வந்தவளுக்குக் கேக் பற்றிப் பேச எப்படி வாய் வருகிறது என்று நினைப்பீர்கள். எனக்கே ஆச்சரியம்தான். இன்று காலையிலிருந்து எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. விக்கல் போல வருகிறது.

2

என் அக்கா மாரியம்மாளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். அக்கா எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் படிப்பை விட்டது என்னைப் படிக்கவைக்கத்தான் என்று உருக்கமாக எழுத எனக்கு ஆசை. அக்கா விடமாட்டாள்.

“நான் எங்கடி தியாகம் பண்ணேன்? வாய்ப்பாடு கேப்பாகன்னு பயந்து ஓடுனேன். கம்பெனி வேன்ல பாட்டுப் போடுவாக. பள்ளிக்கூடத்துல போடுவாகளா?”

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. தாரிணிக்கு அக்காதான் எல்லாமும். பெரியம்மா, பெரியம்மா என்று ஃபோன் திரைக்குள்ளேயே குடியிருப்பாள். அவளுடைய தமிழ் இப்போது ஜெர்மன் மொழியில் நினைத்துத் தமிழில் சொல்லும் தமிழ். பசிக்கிறது என்று சொல்ல மாட்டாள். “நான் பசி வச்சிருக்கேன்” என்பாள். அக்கா அதற்கும் சிரித்துக்கொண்டே, “வச்சுக்கிட்டு என்னடி பண்ற, தின்னு தீத்துரு” என்பாள்.

இரண்டு வருடம் முன்னால் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். தினமும் காலையில் தாரிணி தெருமுனை வரை போய் அக்காவை வேனில் ஏற்றிவிட்டு டாட்டா சொல்லிவிட்டு வருவாள். ஒரு நாள் தூங்கிவிட்டாள். அன்று மதியம் மாடியில் துணி எடுக்கப் போனபோது, தூரத்தில் ஏதோ ஒரு கம்பெனிப் பக்கம் புகை எழும்பி நின்றது. எங்கள் பகுதியில் புகையைப் பார்த்தால் யாரும் கத்த மாட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனைக்கு வருவார்கள். கம்பெனிக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனவே யாருக்கும் யாரையும் கேட்க வழியில்லை. சாலையைப் பார்த்து நிற்பதுதான் வழி. நின்றோம்.

வேன் வந்தது. புகை வேறு எங்கோ. அதிலும் ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. அக்கா இறங்கி, கூட்டத்தைப் பார்த்து, “என்ன இம்புட்டுக் கூட்டம், எவளுக்கு வளகாப்பு?” என்றாள். தெருவே சிரித்தது.

தாரிணி சிரிக்கவில்லை. அவள் ஒரு கணக்குக்கு வந்துவிட்டாள். டாட்டா சொல்லவில்லை, அதனால் புகை.

ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு, அக்கா வேனுக்குப் புறப்படும் நேரத்தில் அலாரம் வைத்து எழுந்தாள். அங்கே அது காலை. இங்கே வானம் கருத்துக் கிடக்கும். வீடியோவில் டாட்டா சொல்வாள். முதலில் ஒரு டாட்டா. அப்புறம் அது வலக்கையால் இருக்க வேண்டும். அப்புறம் கண் இமைக்கக் கூடாது. இமைத்துவிட்டால் முதலிலிருந்து. அக்கா வேலை முடிந்து கேட்டில் ஃபோனை வாங்கியதும் “வந்துட்டேன்” என்று செய்தி அனுப்ப வேண்டும். அது வரும் வரை இவள் உட்கார மாட்டாள், ஒரு வாய் சாப்பிட மாட்டாள். வகுப்பில் உட்கார முடியாமல் போனது. பிறகு வகுப்புக்கே போக முடியாமல் போனது. முழங்கை எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஓசிடி என்றார் டாக்டர். எனக்கு நானே இப்படிப் புரிய வைத்துக்கொண்டேன்: மனதுக்குள் ஒரு மிரட்டல்காரன் உட்கார்ந்திருக்கிறான். அவன் கேட்டதைச் செய்தால் விட்டுவிடுவான் என்று பிள்ளை செய்கிறது. அவன் அடுத்த நாள் கூடக் கேட்கிறான்.

நாங்களோ மிரட்டல்காரனுக்குக் கூலி இல்லாத வேலையாட்கள். நான் அலாரத்துக்கு முன்பே எழுந்து ஃபோனைச் சார்ஜில் போட்டு வைப்பேன். என் கணவர் கருப்பசாமி வெளிச்சம் முகத்தில் விழும்படி விளக்கைப் பிடிப்பார். அங்கே அக்கா, டாட்டா சரியாக அமையும் வரை வேனை நிறுத்தி வைப்பாள். டிரைவர் ஹார்ன் அடிப்பார். கடைசியில் வேன் முழுக்க இருந்த பெண்கள் ஒன்றுகூடி ஒரு முடிவு செய்தார்கள்: எல்லோரும் சேர்ந்து டாட்டா காட்டினால் சீக்கிரம் முடியும். ஆக, எங்கள் வட்டாரத்துப் பெண்கள் ஒரு வேன் நிறைய, தினமும் ஜெர்மனிக்குக் கையசைத்துவிட்டுத்தான் சங்குச் சக்கரம் செய்யப் போனார்கள். எத்தனை அன்பு! அத்தனையும் நோய்க்குத் தீனி.

3

இந்த ஊர் டாக்டர்கள் பேச்சில் சர்க்கரை போட மாட்டார்கள். “வாரத்தில் ஒரு மணி நேரம் நான் அவளுக்குப் பயத்தோடு இருக்கச் சொல்லித் தருகிறேன். மீதி நேரம் முழுதும் நீங்கள் எல்லோரும் அன்பாக அதைக் கெடுக்கிறீர்கள்” என்றார் டாக்டர் அம்மா. உள்ளே தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது. இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். விட்டால் குளிர்காலம் தாண்டித்தான். பிள்ளையும் சம்மதிக்க வேண்டும். வீட்டாரும் மாற ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கு அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அச்சு மிஷினில் நான்கு நிறமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி விலகி விழுவது போல இருந்தது தலைக்குள். என் கணவர் “நீ சொல்றதுதான்” என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார், சோபா வாங்குவது உட்பட. தாரிணியிடம் கேட்டோம். மாட்டேன் என்றாள்.

“அங்க ஃபோன் கிடையாது. நான் அங்க போயிட்டா பெரியம்மாவ யாரு பாத்துக்குவா?”

ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் ஒரு பெண்ணைத் தன் வலக்கையால் உயிரோடு பிடித்து வைத்திருப்பதாக நம்பும் பிள்ளையிடம் என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன்.

“பைத்தியக்கார ஆஸ்பத்திரிலயா? எம்பிள்ளையவா? நீயெல்லாம் ஒரு படிச்சவளாடி?” ஃபோனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. ஏதோ ஒரு திட்டத்தோடு இருக்கும்போது அக்காவுக்குக் குரல் தணியும்.

“ஏ பிள்ள, நான் யோசிச்சேன். இதுக்குக் கை மாத்தணும்டி.”

“என்னது?”

“தவுட்டுக்கு வாங்கிருவோம்.”

தமிழ்நாட்டில் பிறந்த எல்லோரையும் சின்ன வயதில் யாராவது அழவைத்திருப்பார்கள், உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று. எங்கள் பக்கம் அது வெறும் கேலி இல்லை. பிள்ளைக்கு நோய் மாற்றி நோய் வந்தால், பெற்றவள் அதை இன்னொருத்திக்கு ஒரு முறம் தவிட்டுக்கு, எங்கள் பேச்சில் சொளகுத் தவிட்டுக்கு, விற்றுவிடுவாள். பிள்ளை பெற்றவள் வீட்டில்தான் வளரும்; ஆனால் வாங்கியவள் பிள்ளை. கை மாறினால் பிள்ளை தேறும் என்று நம்பிக்கை. எங்கள் தெருவிலேயே தவிட்டுராசு என்று ஒருவர் இருக்கிறார், ஆறடி உயரம்.

நான் சிரித்தேன். நாலு எழுத்துப் படித்தவளுக்குச் சிரிக்க உரிமை உண்டல்லவா?

“சிரிக்காத. நான் வாங்கிக்கிறேன். வாங்குன பிள்ளைய நானே ஆஸ்பத்திரில சேக்குறேன். பெத்தவ கொண்டுபோயி விட்டுட்டு வந்துட்டான்னு நாளைக்கு ஒனக்குப் பேரு வேண்டாம். நாலு பேரு கேட்டா, மாரியம்மாதான் சேத்தா, அவகிட்டப் போயிக் கேளுன்னு சொல்லு.”

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா பழியை வாங்கிக்கொள்வதற்காகப் பிள்ளையை வாங்குகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

தவிடு வேண்டும். நல்லவேளையாக வீட்டிலேயே இருந்தது. ஜெர்மன்காரர்கள் மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் கோதுமைத் தவிடு, பளபளப்பான பாக்கெட்டில். என் கணவர் அதை ஃபோனில் காட்டினார்.

“மாட்டுத் தீவனத்துக்கு இம்புட்டு ஜிகினாவா, தம்பி?”

“மனுசருக்கு, மயினி. காலையில தயிர்ல போட்டுத் திங்கிறாக.”

“அய்யோ பாவம். வெள்ளைக்காரனுக்கு அம்புட்டுக் கஷ்டமா?”

சொளகுக்குப் பதில் அடுப்புத் தட்டு. பிள்ளையை உட்கார வைக்கத் துணிக்கூடை. தாரிணி, தன்னை விற்கப்போகிறார்கள் என்று கேட்டதும், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று முழங்கால் மோவாயில் இடிக்கக் கூடைக்குள் உட்கார்ந்துகொண்டாள். அங்கே அக்கா நிஜச் சொளகில் நிஜ அரிசித் தவிட்டோடு சம்மணம் போட்டிருந்தாள்.

“பிள்ளைய விக்கிறியாத்தா?”

“விக்கிறேன்.”

“சொத்தப் பல்லு உண்டா?”

“ஒண்ணு.”

“ராத்திரி குறட்டை விடுமா?”

“அவங்க அப்பா மாதிரி.”

“தமிழு?”

“கொஞ்சம் அரைகுறை.”

“அப்ப இது நல்ல சரக்கு இல்ல, கழிச்சுப் போட்ட சரக்கு. தீவாளி சீசன் நேரம்னாலும் நான் தவுடு கூடக் குடுக்க மாட்டேன். எடுத்துக்கிருவோமா, வேண்டாமா? வேண்டாம், விடு, வேற பிள்ள பாப்போம்.”

“பெரியம்மா!” என்று கூடைக்குள்ளிருந்து ஒரு அலறல். பிறகு சிரிப்பு. கூடை கவிழ்ந்து, தவிடு தரையெல்லாம் கொட்டி, பிள்ளை அதில் புரண்டு சிரித்தாள். பல மாதமாக அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். தட்டட்டும்.

அக்கா தவிட்டை என் பக்கம் தள்ளுவது போல ஃபோன் பக்கம் தள்ளினாள். “இன்னையில இருந்து நீ எம்பிள்ள. எம்பிள்ளைக்கு நான் சொல்றேன், ஆஸ்பத்திரிக்குப் போ.”

தாரிணி எழுந்து உட்கார்ந்தாள். முடியெல்லாம் தவிடு. “நான் பயம் வச்சிருக்கேன், பெரியம்மா.”

“எங்கன வச்சிருக்க, பீரோலயா? அதையும் பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போ.”

முடியிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டாள். “சரி” என்றாள்.

4

சேர்க்கைக்கு முன் ஒரு நேர்காணல். டாக்டர் அம்மா, ஒரு சமூகப் பணியாளர், நாங்கள் மூவர். என் ஃபாரங்கள் வண்ண வாரியாக அடுக்கிய கோப்பில் இருந்தன. அதை மேசையில் வைத்தபோது சமூகப் பணியாளரின் கண்கள் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

“உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லேன்” என்றார் தாரிணியிடம்.

தாரிணியின் ஜெர்மன் என்னுடையதைப் போல இல்லை. சுத்தமானது, தெளிவானது, யாருக்கும் சந்தேகமே வராதது.

“போன ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை விற்றுவிட்டார். பெரியம்மா வாங்கியிருக்கிறார். அவர் இந்தியாவில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருக்கிறார். விற்கும்போது நான் துணிக்கூடையில் இருந்தேன்.”

பேனா நின்றது.

இந்த இடத்தில் என் கணவர் உதவிக்கு வந்தார். உண்மையைச் சொன்னால் எந்த அதிகாரியும் புரிந்துகொள்வார் என்பது அவர் நம்பிக்கை. “பணத்துக்கு இல்லை” என்றார் அவசரமாக. தவிட்டுக்கு ஜெர்மன் சொல் அவருக்கு நினைவு வரவில்லை. “மாட்டுத் தீவனத்துக்குத்தான்.”

நான் விளக்க ஆரம்பித்தேன். நான் விளக்க விளக்க அது வளர்ந்தது. இது அடையாள விற்பனை என்றேன். எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். பிள்ளை எங்கே வசிக்கும்? எங்களோடுதான். அப்படியானால் வாங்கியவருக்கு என்ன உரிமை? திட்டும் உரிமை என்றேன். எப்போது திருப்பித் தருவார்? அதை நான் யோசிக்கவே இல்லை. தவிட்டுராசுவை யாரும் திருப்பி வாங்கியதாக எனக்குத் தெரியாது.

இந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் பயப்படும் ஒன்று, பிள்ளையை அதிகாரிகள் கொண்டுபோய்விடுவார்களோ என்பது. நானோ பிள்ளையைக் கொண்டுபோங்கள் என்று கேட்டு வந்து, அந்தப் பயத்தில் உட்கார்ந்திருந்தேன். சமூகப் பணியாளர் கோபப்படவில்லை. தன் வேலையைச் செய்தார். “வாங்கியவரிடம் நான் பேச வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வைத்து” என்றார். அதாவது, அந்த வேலைக்கு நான் ஆகமாட்டேன்.

5

அக்கா சீசனில் அரை நாள் லீவு போட்டாள். பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, திரையில் வந்து உட்கார்ந்தாள். விரலிடுக்கில் மட்டும் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. அது எத்தனை தேய்த்தாலும் போகாது. மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், இலக்கணமாகப் பேசினார்.

“வணக்கம் அம்மா. இந்தப் பிள்ளையை நீங்கள் கொள்வனவு செய்தனீங்களோ?”

“அண்ணாச்சி என்னடி கேக்காரு?”

“வாங்குனியான்னு.”

“ஆமா, வாங்குனேன். எங்க ஊர்ல பிள்ளைக்குச் சொகமில்லன்னா கை மாத்தி விடுறது. நீங்களும் மூணு மாசத்துக்குக் கை மாத்தத்தான கேக்கீக?”

அவர் அழகாக மொழிபெயர்த்தார். டாக்டர் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, “நாங்கள் நிச்சயம் திருப்பிக் கொடுத்துவிடுவோம்” என்றார்.

“நல்லாச் சாப்பாடு போட்டுத் திருப்பிக் குடுங்க. எலும்பாக் குடுத்தா வாங்க மாட்டேன்.”

சமூகப் பணியாளர் சிரித்தேவிட்டார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் டாக்டர் அம்மா சிரிப்பை அடக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

“நல்லபடியாக வந்துவிடுவீர்களா என்று அவள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?”

“வந்துருவேன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்ல?”

“அந்தப் பதில் அவளுக்கு எவ்வளவு நேரம் போதும்?”

தாரிணி சொன்னாள், “ஃபோன வைக்கிற வரைக்கும்.”

“இனி அவள் கேட்டால், தெரியாது என்று சொல்ல வேண்டும். அவள் அந்தத் தெரியாததோடு இருக்கப் பழக வேண்டும். அதுதான் சிகிச்சை. வீட்டில் ஒருவர் உறுதி கொடுத்துக்கொண்டே இருந்தால், இங்கே மூன்று மாதம் வைத்தும் பயனில்லை. நான் அவளைச் சேர்க்க மாட்டேன்.”

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். “அம்மா, இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் சொல்லத்தான் வேணும்.” சொன்னார்.

அக்காவின் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். வேலைக்குப் புறப்படும் எந்தப் பெண்ணும் எங்கள் பக்கம் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டாள். ‘வாரேன்’ என்றுதான் சொல்வாள். புறப்பட்டவளைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூட மாட்டோம். தினமும் அந்த வேனில் ஏறுகிறவர்களுக்கு அந்த ஒரு சொல்தான் கவசம்.

“வருவேனா தெரியாதுன்னு என் வாயால பிள்ளகிட்ட சொல்லணுமா? விளங்குமா? நாக்கு அழுகிப் போகாது?” பூவெல்லாம் ஆட எழுந்தாள். “எனக்கு வேலை கெடக்கு.” திரை கறுத்தது.

சேர்க்கை அந்தரத்தில் தொங்கியது. வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் தாரிணி ஜன்னல் கண்ணாடியை வலக்கையால் தொட்டுக்கொண்டே வந்தாள், இமைக்காமல்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். “வேன்ல பஞ்சாயத்து வச்சோம். தெரியாதுங்கிறதுக்குப் பதிலா, சாமிக்குத்தான் தெரியும்னு சொல்லலாமான்னு கேளு.”

கேட்டேன். டாக்டர் அம்மா அன்றே எழுத்தில் பதில் அனுப்பினார்: கடவுளுக்குத் தெரியும் என்பது ஏற்கத்தக்கது, கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்கத்தக்கதல்ல.

இந்த நாட்டை நான் ஏன் நேசிக்கிறேன் என்று யாராவது கேட்டால் அந்தப் பதிலைக் காட்டுவேன். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“எம்மா! இது கம்பெனி கேட்டுல சோதனை போடுற வாட்ச்மேனுக்கு மேல இருக்கே” என்றாள். பிறகு சிரிக்காமல், “பாப்போம்” என்றாள்.

அடுத்த நாள் அலாரம் அடித்தது. ஃபோனில் அக்கா, வேனுக்குள். சுற்றி எல்லாப் பெண்களும் இருந்தார்கள். ஒருத்தி கையும் உயரவில்லை. பாட்டும் ஓடவில்லை.

“பெரியம்மா, நல்லபடியா வந்துருவீங்கல்ல?”

அக்கா ஃபோனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“தெரியாதுடி. நான் வேலைக்குப் போறேன்.”

போறேன் என்றாள். வேன் கிளம்பிவிட்டது.

தாரிணி ஃபோனை எறிந்தாள். கத்தினாள். என்னைக் கடித்தாள். அந்தக் காலை முழுதும் வீட்டில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. என் கணவர் சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் இரண்டு முறை, பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகாது கண்ணே என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

மதியத்துக்குள் அவள் கத்தி ஓய்ந்து கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தாள். நானும் பக்கத்தில் தரையில் படுத்தேன். அங்கிருந்து குரல் வந்தது.

“பெரியம்மாவுக்கும் தெரியாதா?”

“ம்.”

“எனக்கு மட்டும்தான் தெரியலன்னு நெனச்சேன்.”

பிறகு வெளியே வந்து, தன் பையை எடுத்து, துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

6

இன்று காலை சேர்த்தோம். மருத்துவமனை மலைச்சரிவில் இருக்கிறது. கீழே திராட்சைத் தோட்டம். வாசலில் ஒரு செவிலியர், ஃபோனை இங்கே கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு சின்ன அலமாரியைக் காட்டினார். தாரிணி அதைப் பார்த்துவிட்டு, “பெரியம்மா கம்பெனி மாதிரியே” என்றாள் தமிழில், கொஞ்சம் கர்வத்தோடு. கொடுத்தாள். அறையில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். சுவரில் குதிரைப் படங்கள். “உனக்கு என்ன?” என்று அந்தப் பெண் கேட்டாள். “ஓசிடி. உனக்கு?” பள்ளிக்கூடத்தில் ஊர் பெயர் கேட்டுக்கொள்வது போல இருந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்க இருவருக்கும் நேரமில்லை.

வெளியே வந்ததும் என் கணவர் அழுதார். ஆமத்தூர்க்காரர், ஆள் பார்க்க முரடாக இருப்பார். அழுதுகொண்டே, “விக்காத பிள்ளையா இருந்தாக்கூட இம்புட்டு வலிக்காதுபோல” என்றார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்து அவருக்கும் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிப்பதை ஒரு பெரியவர் நாயோடு நின்று பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் குணமாகித் திரும்புவாளா? டாக்டர் அம்மாவைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. சோறு வடித்து, ரசம் வைத்து, மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் அங்கே கம்பெனி விடும் நேரம். அக்காவின் “வந்துட்டேன்” வரும் நேரம். அது தாரிணியின் ஃபோனுக்கு வருவதில்லை, என் ஃபோனுக்குத்தான் வரும். தாரிணிக்கு நோய் வருவதற்கு வெகு முன்பே, நான் விமானம் ஏறிய நாளிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது. அது வந்த பிறகுதான் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாகச் சாப்பிடும் இந்தியப் பெண் என்று எனக்குப் பெயர். வேலையில் அக்கறை என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மருத்துவமனைக்குப் புறப்படும் முன், அக்கா வேன் ஏறும் நேரத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். “இன்னைக்கு மெசேஜ் அனுப்பாத. நாளைக்கும் வேண்டாம்.”

“தாரிணிதான் அங்கன இல்லையே, பெறகு யாருக்குடி வைத்தியம்?”

“எனக்கு.”

“ஏ ஆத்தா, படிச்சவளுக்குமா இருக்கு?” என்று கெக்கலித்தாள். பின்னால் வேனே சிரித்தது. “சரி, நான் போறேன்” என்றாள்.

“போ” என்றேன்.

நேரம் தாண்டிவிட்டது. ஃபோன் கவிழ்ந்து கிடக்கிறது. என் கணவர் அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். தட்டை இழுத்து, ரசம் ஊற்றிப் பிசைந்து, முதல் வாய் சாப்பிட்டுவிட்டேன்.